சின்ன வேஷம், பெரிய பெயர்
பெரம்பூர்க்காரங்களே! கதாநாயகி வேஷம்தான் பெயர் தரும்னு எதிரணி சொல்லிட்டுப் போனாங்க. மனோரமா கதையைக் கேளுங்க.

1937இல் மன்னார்குடியில் பிறந்தவர். அப்பா கைவிட்டார், அம்மா பள்ளத்தூரில் வீட்டுவேலை செய்து வளர்த்தார். நாடக மேடையிலிருந்து 1958இல் 'மாலையிட்ட மங்கை' மூலம் சினிமாவுக்கு வந்தார். 1963இல் 'கொஞ்சும் குமரி' படத்தில் கதாநாயகியே அவர்தான்! உங்கள்ல எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

ஆனா, 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' ஜில்ஜில் ரமாமணி? கை தட்டுறீங்களே! அதே வருஷம் 'பொம்மலாட்டம்' படத்தில், லோகோவிலும் கேரேஜிலும் வேலை பார்க்கிற உங்க தெருப் பேச்சையே பேசி அசத்தினார். செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவருங்க!

ஆயிரம் படத்துக்கு மேல் நடிச்சு 2015இல் மறைஞ்சார். 'ஆச்சி'ன்னா இன்னிக்கும் வீட்டுக்கு வீடு தெரியுதே! தீர்ப்பை எங்க பக்கம் சொல்லுங்க, நடுவர் அவர்களே.