கம்பைலர் இல்லாத கணினி: பொதி மேலாளர்களும் முன்தேவைக் கருவிகளும்

முன்னுரை

மதுரைச் செல்லூர்த் தறியில் ஒரு முழம் நெய்வதற்கு முன்பே பாவு ஓட்டி, விழுதிலும் அச்சிலும் இழை கோத்தாக வேண்டும். மூலநிரலாக வரும் மென்பொருளுக்கும் அப்படியொரு முன்வேலை உண்டு. அதை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலர் வேண்டும், துணைக் கருவிகள் வேண்டும். அவற்றைத் தேடி நிறுவும் பொறுப்பு பயனரிடமிருந்து, மென்பொருளை நிறுவித் தரும் பொதி மேலாளருக்கு எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கம்பைலரை இயங்குதளத்திலிருந்து பிரித்து வைத்ததே இச்சிக்கலின் வேர். அதைத் தானாகத் தீர்க்கும் முறை, அருகில் வழிகாட்ட ஆளில்லாத மாணவருக்கே முதன்மையாக உதவுகிறது என்பது இதன் வாதம்.

1. ஒரே களஞ்சியம்

இயன் மர்டாக் 1993இல் தொடங்கிய டெபியன் லினக்ஸ் திட்டத்தில் டிபிகேஜி என்ற பொதி மேலாளர் உருவானது. ஒரு பொதிக்குத் தேவையான இன்னொன்று இல்லாவிட்டால் அதை அறிவித்து நின்றுவிடும், தேடிக் கொண்டுவராது. 1999 மார்ச்சில் டெபியன் 2.1உடன் வந்த ஏபிடி அக்குறையைப் போக்கியது. சார்புகளைக் கணக்கிட்டு, களஞ்சியத்திலிருந்து வரிசையாக எடுத்து நிறுவியது. ஜிசிசி கம்பைலர், மேக் என்ற கட்டுக்கருவி போன்றவற்றை ஒரே பெயரில் இழுத்துவரும் ‘பில்ட்-எசென்ஷியல்’ பொதியும் அதே களஞ்சியத்தில் இடம்பெற்றது.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஜோர்டன் ஹப்பர்ட் 1994இல், மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் போர்ட்ஸ் முறையைத் தொடங்கினார். அடிப்படை அமைப்பிலேயே கம்பைலர் இருந்ததால், அதைத் தேடும் கேள்வியே அங்கு எழவில்லை. இவ்விரு மரபுகளிலும் கருவியும் நிரலும் ஒரே இடத்திலிருந்து வந்தன.

2. பிரிவினையும் அதன் விளைவும்

ஆப்பிள் கணினிகளில் நிலைமை வேறு. மேக்ஸ் ஹவல் 2009இல் உருவாக்கிய ஹோம்ப்ரூ என்ற பொதி மேலாளர், நிரல்களை மூலத்திலிருந்தே கட்டியது. கம்பைலரோ, பல ஜிகாபைட் கொண்ட எக்ஸ்கோடு என்ற ஆப்பிளின் நிரலாக்கத் தொகுப்புக்குள் அடங்கியிருந்தது. சிறு நிரல் ஒன்றுக்காக அத்தனையையும் இறக்க வேண்டிய நிலை. கென்னத் ரைட்ஸ் 2011இல் தேவையான கருவிகளை மட்டும் பிரித்தெடுத்த ஒரு நிறுவியை வெளியிட்டார். 2012 பிப்ரவரியில் ஆப்பிளே ‘கட்டளை வரிக் கருவிகள்’ என்ற சிறு தொகுப்பைத் தனியாகத் தந்தது. 2013இல் வந்த மேவரிக்ஸ் இயங்குதளப் பதிப்பில், இல்லாத கருவியை அழைத்தால் நிறுவலாமா என்று கணினியே கேட்டது.

பின்னர் ஹோம்ப்ரூ நிறுவி, இக்கருவிகளை நிறுவும் வேலையையும் தானே செய்யத் தொடங்கியது. தற்காலிகக் கோப்பு ஒன்றை வைத்தால், ஆப்பிளின் மென்பொருள் புதுப்பிப்புச் சேவை இக்கருவிகளையும் தன் பட்டியலில் காட்டும். நிறுவி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். கருவிகள் நிறுவப்படவுள்ளதைத் திரையில் சொல்லி, பயனர் விசையை அழுத்தும்வரை காத்திருப்பதே இதன் சிறப்பு.

விண்டோஸிலும் இதே கதை. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸின் சில பொதிகளில் சி++ நிரல் இருப்பதால், அவற்றைக் கட்ட பைத்தானும் மைக்ரோசாஃப்ட் கம்பைலரும் வேண்டும். பின்னாளில் நோட் நிறுவியிலேயே ஒரு தேர்வுப் பெட்டி சேர்ந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் சாக்லேட்டி என்ற இன்னொரு பொதி மேலாளர் நிறுவப்பட்டு, அதன்வழி கருவிகள் வரும்.

பைத்தான் உலகம் 2016இல் பெப் 518 என்ற முன்மொழிவின் வழியாக, கட்டுவதற்கான தேவைகளைக் கோப்பிலேயே அறிவிக்கும் முறையை வகுத்தது. பைத்தானின் பொதி மேலாளரான பிப், 2018இல் வந்த தன் 10ஆம் பதிப்பில் அதை ஏற்று, தனிச் சூழலில் அக்கருவிகளை நிறுவியது. ஆயினும் பைத்தான் பொதிகளாகக் கிடைப்பவற்றையே அது கொண்டுவரும். சி கம்பைலர் கணினியில் முன்பே இருந்தாக வேண்டும்.

3. தமிழகச் சான்று

மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஒரே கணினியில் இடம்பெற்றன. எனவே கம்பைலரை ஒரே களஞ்சியத்தில் தரும் மரபும் அதைப் பிரித்து வைக்கும் மரபும் ஒரே மாணவரின் மடிக்கணினியில் சந்தித்தன. பாஸ் பக்கம், கம்பைலரும் துணைக் கருவிகளும் ஏபிடியின் ஒரே கட்டளைக்குள் வந்துவிடும். விண்டோஸ் பக்கம், கம்பைலரைத் தேடுவது, பதிப்பைத் தேர்வது, பாதையை அமைப்பது எல்லாம் மாணவர் தலையில். பிழைச் செய்தியோ ஆங்கிலத்தில்.

ஏபிடிக்கு இன்னொரு வலிமையும் உண்டு: அது குறுந்தகட்டையும் களஞ்சியமாக ஏற்கும். இணையம் விலையுயர்ந்த பொருளாக இருந்த நாட்களில், செல்லூர் போன்ற உழைப்பாளர் குடியிருப்புகளில் இது சிறிய வசதி அல்ல. இன்றைய தானியங்கி நிறுவிகள் பல ஜிகாபைட் தரவை இணையத்திலிருந்து இழுக்கின்றன. அந்தச் செலவு வீட்டின் தரவுத் திட்டத்தில்தான் விழுகிறது.

முடிவுரை

தானியங்கி நிறுவலின் வரலாறு, பிரித்து வைத்ததை மீண்டும் சேர்க்கும் முயற்சியின் வரலாறு. இம்முயற்சி நிரலெழுதக் கற்பவரின் முதல் தடையை அகற்றுகிறது. எனவே இதைக் கல்விப் பணியாகவே கருத வேண்டும். ஆனால் கணினியின் முழு அதிகாரத்தோடு இயங்கும் நிறுவிக்கு மூன்று கடமைகள் உண்டு. எதை, எவ்வளவு இறக்கப் போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். இணையமில்லாத வழியையும் திறந்து வைக்க வேண்டும். எதை நிறுவப் போகிறது என்று சொல்வதிலும் ஒப்புதலுக்குக் காத்திருப்பதிலும் ஹோம்ப்ரூவும், மூன்றாவதில் ஏபிடியும் வழி காட்டியுள்ளன. அரசு வழங்கும் கணினிகளில் இம்மூன்றும் தமிழ் அறிவிப்போடு சேர்ந்து அமைவதே அடுத்த கட்டமாக இருக்க வேண்டும்.