நாய்க்கு வேலை இருந்த காலம்

முழுநேர வேலைக்குப் போகிறவர் நாய் வளர்க்கலாமா என்ற கேள்வி இன்று சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி எழுகிறது. காலை எட்டரைக்குப் பூட்டிய கதவு இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். நடுவே அந்த உயிர் என்ன செய்யும்? இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு நேரக் கணக்கு. நேரம் உள்ளவர் வளர்க்கட்டும், இல்லாதவர் ஆசையை அடக்கிக்கொள்ளட்டும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய சான்றுகளைப் புரட்டினால் இந்தக் கணக்கு உதைக்கிறது. நாயோடு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு என்பதையே அறியாதவர்கள்: ஆடு மேய்த்தவர்கள், மாடு காத்தவர்கள், வேட்டைக்குப் போனவர்கள், தோட்டத்தில் இரவுக் காவல் கிடந்தவர்கள். இன்றைய அலுவலக ஊழியரை விட அவர்களுடைய நாள் நீளமானது. அவர்களுக்கு வராத சிக்கல் நமக்கு மட்டும் ஏன் வந்தது என்று கேட்டால், விடை கடிகாரத்தில் கிடைக்காது. வேலை நடக்கும் இடம் எது, வீட்டுக் கதவு எப்போது பூட்டப்படுகிறது என்பதில்தான் கிடைக்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லிலிருந்து தொடங்கலாம். முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நட்ட கல் அது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுத்தது. வீரனின் உருவத்தோடு நாய் ஒன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லெழுத்து தனியாகவே சொல்கிறது. நாய்க்கு ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயரைக் கல்லில் வெட்டும் அளவுக்கு மதிப்பும் இருந்தது என்று வியந்து எழுதியவர்கள் பலர். நம் கேள்விக்கு அதைவிட முக்கியமானது நாய் நின்ற இடம். எருமை இருந்த இடத்தில் மனிதன் இருந்தான். மனிதன் இருந்த இடத்தில் கோவிவன் இருந்தது. கருந்தேவகத்தி வேலைக்குப் புறப்பட்டபோது நாயை விட்டுவிட்டுப் போகவில்லை. அவனுடைய வேலையில் பாதி அந்த நாயின் வேலை.

ஆதகூர்க் கல்லும் இதையே வேறொரு தளத்தில் காட்டுகிறது. பொ.ஆ. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த போரில், கங்க மன்னன் பூதுகனின் பக்கம் நின்று பேர் வாங்கியவன் மணலேரன். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது அவன் கேட்டது காளி என்ற வேட்டைநாய். பிறகு அந்த நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு மோதியது, இரண்டும் மாண்டன. காளிக்காக ஆதகூர்ச் செல்லேசுவரர் கோயில் முன் கல் நட்டார்கள், அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். இன்று அந்தக் கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலத்தைப் பற்றிப் படிக்கும் தமிழ் மாணவர்களில் எத்தனை பேருக்கு அதே கல்லில் ஒரு நாயின் சாவும் பதிவாகியிருப்பது தெரியுமோ! இவை அரிதான நாய்கள், அரசர்களையும் வீரர்களையும் சார்ந்தவை, பொது வழக்கத்துக்கு இவை சான்றாகுமா என்று ஒருவர் கேட்கலாம். கல் நட்டது அரிதான செயல்தான். ஆனால் கல்லில் சொல்லியிருக்கும் வேலைகள் அரிதானவை அல்ல. மந்தை காத்தலும் பன்றி வேட்டையும் அன்றாடம் நடந்தவை. அவற்றில் ஈடுபட்ட எத்தனையோ நாய்களில் இரண்டின் பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

தென்மாவட்டங்களின் நாய் இனங்களும் தொழிலின் வழியாக உருவானவையே. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை ஓடிப் பிடிக்க வளர்த்த ஒல்லி உடம்பு நாய்கள். நீண்ட கால், ஒட்டிய வயிறு, கண்ணால் பார்த்த மாத்திரத்தில் பாயும் வேகம் எல்லாம் கரிசல் வெளியில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தவை. கோம்பை காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர் போனது. வெள்ளை ராஜபாளையம் வீட்டையும் தோட்டத்தையும் காத்தது. 2005இல் இந்திய அஞ்சல்துறை நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்று. இவற்றோடு பேரில்லாத பட்டிநாய்களையும் சேர்க்க வேண்டும். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு ஊர் ஊராகப் போகும் கீதாரிகளோடு நாயும் நடக்கும். இரவு கிடையைச் சுற்றிப் படுத்து நரிக்கும் திருடனுக்கும் காவல் இருக்கும். கீதாரிக்கு விடுமுறை நாள் கிடையாது, வேலை நேரம் என்று ஒரு வரையறையும் கிடையாது. இன்றைய அளவுகோலில் அவர் நாய் வளர்க்கவே தகுதியற்றவர். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் அவருடைய நாய் அவர் பக்கத்தில்தான் இருந்தது.

வேட்டையும் மந்தையும் இல்லாத குடும்பங்களிலும் நாய் இருந்தது. அங்கே நடந்தது வேறு ஏற்பாடு. வீட்டுக்குள் அதற்கு இடமில்லை. வாசலும் திண்ணையும் தெருவும்தான் இடம். வீட்டுக்காரர் வயலுக்குப் போனாலும் கிழவி ஒருத்தி திண்ணையில் இருப்பாள், பிள்ளைகள் தெருவில் இருப்பார்கள். கஞ்சி ஊற்றுவது ஒரு வீடு, மீன்முள் போடுவது இன்னொரு வீடு. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்ற பழமொழி இந்த வாசல் நாயைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்: யாரும் கட்டளையிடாமல் காலை முதல் மாலை வரை தெருவைச் சுற்றி வரும் நாய். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒரு மனிதரின் தலையில் விழவில்லை, பலரிடம் சிதறிக் கிடந்தது. அதனால்தான் எவருடைய வேலை நேரமும் அதற்கு ஒரு பொருட்டாக இல்லை.

அப்படியானால் வேலைக்காக அல்லாமல் ஆசைக்காக, வீட்டுக்குள் வைத்து நாய் வளர்த்த வழக்கமே நம் நாட்டில் இருந்ததில்லையா? இருந்தது. ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாக்களில் டெரியரும் ஸ்பேனியலும் சோபாவில் படுத்துக் கிடந்தன. துரை கச்சேரிக்குப் போய்விடுவார். ஆனாலும் நாய் தனியாக இருந்ததில்லை. நாயைக் குளிப்பாட்ட, நடத்திச் செல்ல, உண்ணி பொறுக்க என்றே ஒரு வேலையாளை வைத்திருந்தார்கள். வடஇந்தியாவில் அவருக்கு டோரியா என்று தனிப் பெயரே உண்டு. ஓய்வுள்ளவர்கள்தான் செல்ல நாய் வளர்த்தார்கள் என்ற எண்ணம் இங்கேயும் அடிபடுகிறது. அந்த ஓய்வைக் கூலி கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். குறைந்த கூலிக்கு ஒருவர் நாள் முழுதும் உழைத்ததால்தான் துரைக்கு மாலையில் நாயோடு விளையாட முடிந்தது. அந்தப் பங்களா வழக்கத்தைப் பிற்காலத்தில் நடுத்தர வர்க்கம் எடுத்துக்கொண்டபோது நாயையும் சோபாவையும் எடுத்துக்கொண்டது, நாயைப் பார்த்துக்கொண்ட ஆளை விட்டுவிட்டது.

முறிவு எங்கே நேர்ந்தது என்பதற்கு ஆலைகளின் வரலாறு ஒரு நல்ல சான்று. 1870களின் பிற்பகுதியில் சென்னை பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை ஓடத் தொடங்கியது. கர்நாடிக் ஆலை அதைத் தொடர்ந்து வந்தது. சங்கு ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் வெளியே. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, மதிய இடைவேளை சாப்பிடக்கூடப் போதவில்லை என்பது தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று. தன் சோற்றையே ஆற அமரத் தின்ன முடியாதவன் நாயை எங்கே அழைத்துப் போவான்? நாய் வர முடியாத வேலையிடம் என்று ஒன்று பெருந்திரளான மக்களின் வாழ்வில் அப்போதுதான் நுழைந்தது. ஆனால் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. நெசவாலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தது. 1922இல் அது பதினொன்று ஆனது, 1934இல் பத்து, 1948இல் ஒன்பது. வாரத்துக்கு 48 மணி. நேரம்தான் சிக்கல் என்றால் ஆண்டுக்கு ஆண்டு நாய் வளர்ப்பது எளிதாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பன்னிரண்டு மணி நேரம் ஆலையில் கிடந்தவனின் வீடு பகலில் திறந்திருந்தது. மனைவியோ தாயோ அண்டை வீட்டாரோ இருந்தார்கள். ஒன்பது மணி நேரம் அலுவலகத்தில் இருப்பவரின் வீடு பூட்டியிருக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள், வாசல் இருந்த இடத்தில் லிஃப்ட் இருக்கிறது. இதில் எதையும் குறை என்று சொல்ல வரவில்லை. பெண்கள் வேலைக்குப் போவதை நாயின் பெயரால் எவரும் குறைசொன்னால் அது அபத்தம். எது மாறியது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

சட்டமும் இந்த மாற்றத்தை ஒருவாறு உணர்ந்திருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகத் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சியாக வந்த 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் பதினோராம் பிரிவு, எவை கொடுமை என்று பட்டியலிடுகிறது. அடிப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது போன்றவற்றுக்கு நடுவே ஒரு தனி உட்பிரிவு: வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குத் தேவையான அளவு உடற்பயிற்சி தர உரிமையாளர் தவறினால் அதுவும் குற்றம். கைநீட்டி எதுவும் செய்யாமல், சும்மா பூட்டிவிட்டுப் போவதே கொடுமையாகலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். அதற்கான தண்டனை, முதல் முறைக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம் என்பது வேறு கதை. சுவீடன் இன்னும் துல்லியமாகப் போயிருக்கிறது: வீட்டுக்குள் இருக்கும் நாயை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வெளியே அழைத்துப் போக வேண்டும் என்பது அங்கே விதி. எட்டு மணி நேர வேலையும் பயணமும் இந்த ஆறு மணி நேரத்துக்குள் அடங்காது. அதனால் அங்கே நாய்களுக்கான பகல் காப்பகங்கள் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்கள் நாய் வளர்க்கக் கூடாது என்று அந்த நாடு சொல்லவில்லை. நடுப்பகலுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னது.

பழைய காலத்தைப் பொன்னாகப் பூசுவதாக ஒரு மறுப்பு எழும். அந்த மறுப்பில் உண்மை உண்டு. பட்டிநாய்க்கு மிஞ்சியதுதான் தீனி, நோய் வந்தால் பார்ப்பார் இல்லை, கிழடானால் விரட்டியடிப்பு. வாசல் நாய் ஏற்பாட்டின் விலையோ இன்னும் கொடியது. வெறிநாய்க் கடிக்கு மருந்து தேடி இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை போக வேண்டியிருந்த தென்னிந்தியாவுக்கு, 1907இல்தான் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. தெருவில் கட்டற்று அலையும் நாய்களின் காலத்துக்குத் திரும்ப முடியாது, திரும்பவும் கூடாது. தடுப்பூசி போட்டு, வாரில் பிடித்து, வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது முன்னேற்றம்தான். ஆனால் வயிறும் நோயும் மட்டுமே நாயின் தேவைகள் அல்ல. அன்றைய நாய்க்கு உணவு குறைவு, துணை நிறைவு. இன்றைய நாய்க்குப் பையில் அடைத்த தீனி நிறைவு, பகல் முழுதும் துணை இல்லை. ஒரு குறையைத் தீர்த்ததால் இன்னொன்று இல்லையென்று ஆகிவிடாது. இன்னொரு வாதமும் உண்டு: நாய் பகலில் பெரும்பகுதி தூங்கத்தானே செய்கிறது என்பது. திண்ணை நாயும் தூங்கியது. ஆனால் எழ நினைத்தபோது எழுந்தது, ஒதுங்க வேண்டியபோது ஒதுங்கியது, கேட்ட குரலை நோக்கிப் போனது. பூட்டிய வீட்டில் பதினோரு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பதைத் தூக்கம் என்று கணக்கில் எழுதிக்கொள்வது நம் வசதிக்காக.

சமீப ஆண்டுகளில் நாட்டு நாய் வளர்ப்போம் என்ற உற்சாகம் பரவியிருக்கிறது. அயல் இனங்களின் மோகத்துக்கு மாற்றாக அது வரவேற்கத்தக்கது. ஆனால் அந்த உற்சாகத்தில் கன்னிக் குட்டியையும் சிப்பிப்பாறைக் குட்டியையும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாங்கி வருகிறவர்கள் அவற்றின் வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். வேட்டைக்குச் சட்டம் தடை போட்ட பிறகு அவற்றின் தொழில் போய்விட்டது. தொழிலுக்காக ஆன உடம்பு போகவில்லை. முயலைத் துரத்தப் பிறந்த கால்களுக்குப் பால்கனி போதாது. மாலையில் அரை மணி நேரம் தெருவில் நடத்திச் செல்வதும் போதாது.

ஆகவே நாய் வாங்குவது பற்றி யோசிப்பவர்கள் தங்கள் வேலை நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில் பயன் குறைவு. ஒன்பது மணி நேர வேலை தடையும் அல்ல, வீட்டிலிருந்து பார்க்கும் வேலை உத்தரவாதமும் அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் நாயும் தனியாகத்தான் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாளும் நடுப்பகலில் உங்கள் வீட்டுக் கதவைத் திறக்கப் போவது யார்? பெற்றோரா, பக்கத்து வீட்டுக்காரரா, நியாயமான கூலி கொடுத்து அமர்த்திய ஆளா? ஒரு பெயரை உறுதியாகச் சொல்ல முடிந்தால், அந்தப் பெயருக்கு உரியவரும் சம்மதித்திருந்தால், தாராளமாக வளர்க்கலாம். பெயர் இல்லையென்றால் குட்டியை இப்போது வாங்காதீர்கள்.