பட்டாவில் இல்லாத பெயர்

பூண்டுச் சந்தையால் பெயர்பெற்ற வடுகபட்டி, பெரியகுளத்தை அடுத்த ஊர். அவ்வட்டாரத்தில் நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த தம் பாட்டனாரின் குடும்ப வாழ்வை அறிய விழைவோர், முதற்கண் அரசாங்கக் கணக்குகளையே நாடுவர். தேனி மாவட்டம் 1996இல்தான் அமைந்தது. அதற்கு முன் இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தமையால், பழைய பத்திரங்களில் மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலூகா என்றே தேடுதல் வேண்டும்.

1871ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, ஊரில் இத்தனை பேர் என்று கூறுமேயன்றி, இன்னார் என்று கூறாது. பெயர்களைத் தருவன பட்டாவும் பத்திரமுமே. 1864இல் பதிவுச் சட்டம் பிறந்தபின் கிரையம், அடமானம், பாகப்பிரிவினை ஆகியன பதிவேட்டில் ஏறலாயின. 1899ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பு இறப்புப் பதிவுக்கு வழி செய்தது. ஊர்க் கணக்குகளைக் காத்துவந்த கர்ணம், முன்சீப் பதவிகள் 1980இல் நீக்கப்பட்டன.

நிலக் கணக்குகளைப் புரட்டுவோர் ஒன்றைக் கண்டு திகைப்பதுண்டு. பாட்டனார் பெயர் இருக்கும். அவர்தம் தந்தையார் பெயரும் மைந்தர் பெயரும் இருக்கும். பெண்மக்கள் பெயர் மட்டும் இராது. திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் பெண்ணுக்கும் சொத்தில் பங்கு விதித்துள்ளது. ஆயினும் ஊர் வழக்கம் பல குடும்பங்களில் நிலத்தை ஆண்மக்களிடமே நிறுத்தியது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமும் விவசாய நிலத்தை விலக்கியே வைத்தது. சென்னை மாகாணத்தில் அவ்விலக்கை அகற்றியது 1949ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமேயாகும். ஆகவே, அதற்கு முந்திய பட்டாவில் பெயர் இல்லாததைக் கொண்டு, அவ்வீட்டில் பெண்மக்களே இருந்ததில்லை என்று முடிவு கட்டலாகாது.

அப்பெயரைத் தேட வேறோர் ஏடு உண்டு. அது பள்ளிவாசலின் நிகாஹ் தப்தர். மணமகள் இன்னாருடைய மகள் என்பதும், மஹர் இவ்வளவு என்பதும், சாட்சிகள் இன்னின்னார் என்பதும் அதில் பதியப்பெறும். ஹிஜ்ரி 1300 என்று கண்டால், அது 1882 நவம்பரில் தொடங்கிய ஆண்டென்று அறிக. எழுத்து அரபுத் தமிழாயின், அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே படியெடுத்துக்கொள்வது நலம்.

பெண்களின் பெயரைப் பதிதல் நமக்குப் புதிய வழக்கமன்று. ஹிஜ்ரி 230இல் மறைந்த இப்னு ஸஅது (ரஹ்) அவர்கள், தமது 'தபகாத்' என்னும் பெருநூலின் இறுதிப் பகுதியைப் பெண்மணிகளுக்கென்றே ஒதுக்கினார்கள். அவர்கள் வழிவந்த நாம், நம் வீட்டு மூதாட்டியரின் பெயரைக்கூட அறியாதிருத்தல் தகுமோ?

வமிசாவளி எழுதுவது பெருமை பேசுவதற்கன்று. நிகாஹ் தப்தரில் உள்ள மகள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இல்லையெனின், அவளுடைய பங்கு என்னவாயிற்று என்று நாம் கேட்டாக வேண்டும். அவள் விரும்பி விட்டுக்கொடுத்திருந்தால் அது வேறு. கொடாமல் விட்டிருந்தால், அது அவள் வழியினருக்கு நாம் பட்டிருக்கும் கடன். ஏடுகளைக் கறையான் அரித்துவிடலாம். கடன் அதனால் தீர்ந்துவிடாது.