திடலை மாற்றியவர் யார்?

கிராண்ட்பாஸ் என்ற பெயர், களனியாற்றை மக்கள் கடந்த துறையால் வந்தது. பொறளையிலுள்ள ரிட்ஜ்வே கோல்ப் திடலின் பெயரோ ஒரு தேசாதிபதியால் வந்தது. பெயர் நிலைத்தவரே நிலத்தை ஆக்கியவர் என்று கொள்ளலாமா?

கொழும்புக் கோல்ப் கழகம் 1879இல் தோன்றியது. முதலிற் காலிமுகத்திடலில் ஆடிய துரைமார், 1896இற் பொறளைக்குப் பெயர்ந்தனர். அவ்வாண்டே பதவியேற்ற வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயர் புதிய திடலுக்கு இடப்பட்டது. 1928இல் 'றோயல்' என்ற அரச விருதும் கழகத்திற்குக் கிடைத்தது.

கோல்ப் வரலாறு எழுதுவோர், எந்தக் குழியை எந்த நிபுணர் மாற்றி அமைத்தார் என்று தேடுவர். ஆனால், இத்திடலின் பெருமாற்றத்தைச் செய்தது களனிவெளிப் புகையிரதப் பாதையே. 1902இல் அவிசாவளையை எட்டிய அந்த ஒடுங்கிய பாதை, திடலை ஊடறுத்துச் சென்றது. தோட்ட விளைபொருளைக் கொழும்புக்குக் கொணர்வதே அதன் நோக்கம். துரைமாரின் இலாபம் துரைமாரின் புல்வெளியையே பிளந்தது! 1990களிற் பாதை அகலமாக்கப்பட்டது. இன்றும் ஆட்டத்தின் நடுவே வண்டி ஓடுகிறது.

அந்தத் தண்டவாளத்தைத் தோளிற் சுமந்தவர் யார்? மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பியவர் யார்? அவ்வண்டிகள் ஏற்றிய கொழுந்தைக் கிள்ளிய விரல்கள் யாருடையவை? கிண்ணம் வென்றவர் பெயரைப் பலகையிற் பொறிப்பது கழகங்களின் வழக்கம். மண் சுமந்தவர் பெயரை எழுதுவோர் இல்லை.

நம் மாணவர் வரலாறு படிக்கும்போது, ஆண்டவர் பெயரோடு இந்தக் கேள்விகளையும் கற்கட்டும். நிலத்தை மாற்றியவர் உழைப்பாளரே.