மகிமையும் மடையும்
அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்தின் பொதுவாழ்வு குறித்த ஒரு பார்வை

மதுரையிலிருந்து தெற்கே தூத்துக்குடிச் சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வந்தால் அருப்புக்கோட்டை. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் திருச்சுழி. அதற்கு அப்பால் நரிக்குடி, கமுதி என்று இராமநாதபுரத்துச் சமவெளி விரிகிறது. வடக்கே வைகைப் படுகை. தெற்கே வைப்பாற்றுப் படுகை. இரண்டுக்கும் நடுவே இந்த வட்டாரத்தின் பங்குக்கு வாய்த்தது குண்டாறு. திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கி ஓடும் இந்த ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் கனிந்தால் சில நாள் தண்ணீர் தெரியும்.

வற்றாத ஆறு ஓடும் இடத்தில் பெருநகர் எழுவதில் வியப்பில்லை. அப்படியோர் ஆறு இல்லாத கரிசலில், 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 87 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஒரு நகரம் எப்படி எழுந்தது? அருப்புக்கோட்டையின் வரலாற்றைப் படிக்கிற எவரும் இந்தக் கேள்வியைக் கடந்துதான் போகவேண்டும். ஒருவர் தனித்து நின்று பிழைக்க முடியாத நிலம் இது. ஆகவே ஊர்கூடிப் பொதுவில் சேர்ப்பதையும் பங்கிடுவதையும் இங்குள்ள மக்கள் வாழ்க்கை முறையாகவே ஆக்கிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குக் கிடைத்த விடை.

கண்மாயும் ஊருணியும்

ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிற பகுதி இது. அளவு அப்படியொன்றும் குறைவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பெய்வதைப் பிடித்து வைத்தால் வெள்ளாமை. விட்டால் கடலுக்குப் போகும். அதனால்தான் சரிவு பார்த்துப் பிறை வடிவில் கரை போட்டுக் கண்மாய்களை வெட்டினார்கள். மேலூர்க் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாகப் பாயும் மிகைநீர் கீழூர்க் கண்மாய்க்கு வரத்தாகும். அது நிறைந்தால் அடுத்தது. ஒரு சங்கிலியாக இவை கோக்கப்பட்டிருப்பதால், எந்த ஊரும் தன் கண்மாயைத் தன்னுடையது மட்டும் என்று எண்ணிவிட முடியாது.

மடையைத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி என்று பெயர்பெற்ற பொறுப்பாளர்கள் இருந்தார்கள். எந்த வயலுக்கு எத்தனை நேரம் என்பது அவர்கள் கையில். அறுவடைக் களத்தில் அவர்களுக்குரிய நெல்லை அளந்த பிறகே மற்றவர்கள் மூட்டை கட்டுவார்கள். கரையைப் பலப்படுத்தவும் வரத்துக்கால்களைச் செதுக்கவும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். இந்தக் குடிமராமத்து வழக்கத்தை 1858இல் சென்னை மாகாண அரசு சட்டத்திலும் ஏற்றியது. ஊரார் தாமாக நடத்திவந்த ஒரு முறைக்கு அரசு பின்னால் வந்து முத்திரை போட்டது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

பாசனத்துக்குக் கண்மாய் என்றால் குடிப்பதற்கு ஊருணி. ஊருணிக்குள் கால் வைக்கக்கூடாது, மாடு இறங்கக்கூடாது, துணி அலசக்கூடாது. கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். மண்ணில் கலங்கிய அந்தத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, உட்புறச் சுவரில் தேற்றாங்கொட்டையை நாலு சுற்றுத் தேய்த்து வைப்பார்கள். கலங்கல் அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். தண்ணீரைச் சேர்ப்பது ஊர் வேலை, தெளியவைப்பது வீட்டு வேலை. இரண்டையும் பெண்களே அதிகம் சுமந்தார்கள்.

திருச்சுழியின் தண்ணீர்க் கதை

தண்ணீருக்கு ஏங்கிய இந்த நிலத்தின் முதன்மையான திருத்தலக் கதை வெள்ளத்தைப் பற்றியது. ஊழிப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது சிவபெருமான் சூலத்தை ஊன்றி, அதைச் சுழித்து நிலத்துக்குள் போக்கினார். அதனால் இவ்வூர் திருச்சுழி ஆயிற்று என்பது தலபுராணம். இறைவன் திருமேனிநாதர், அம்மை துணைமாலை நாயகி. பாண்டிய நாட்டின் பாடல்பெற்ற 14 தலங்களில் ஒன்றான இது, சுந்தரரின் தேவாரத்தில் திருச்சுழியல் என வழங்கப்படுகிறது. சற்றுத் தொலைவிலுள்ள பள்ளிமடத்தில் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்று பழங்கல்வெட்டுகள் குறிக்கும் கோயில் நிற்கிறது. பக்கத்திலேயே தமிழ்பாடி என்று ஓர் ஊர். அந்தப் பெயருக்காகவே ஒருமுறை போய்வரலாம்.

திருச்சுழியில்தான் 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்திரா தரிசன நாளின் இரவில், ரமண மகரிஷி பிறந்தார். பெற்றோர் சுந்தரம் ஐயர், அழகம்மாள். தந்தை திருச்சுழி நீதிமன்றத்தில் வழக்காடியவர். அன்றைய திருச்சுழி, வழக்குக் கட்டுகளோடு சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் வந்துபோகும் நிர்வாக ஊராக இருந்தது என்பதற்கு அந்தக் குடும்பமே சான்று. பழைய வழக்குத் தாள்களில் படகு செய்து விளையாடியதற்காகக் கண்டிக்கப்பட்ட சிறுவன் வேங்கடராமன் (ரமணரின் இயற்பெயர்), கோயிலுக்குள் ஓடி அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று அவருடைய வரலாறுகள் சொல்கின்றன.

பிற்காலத்தில் திருவண்ணாமலையில் இருந்தபோது, தம் ஊர்த் தெப்பக்குளத்தைப் பற்றி அவர் அடியவர்களிடம் நினைவுகூர்ந்ததுண்டு. மாசிப் பௌர்ணமியை ஒட்டிக் குளத்து நீர் நாளுக்கு நாள் ஏறும், பிறகு அதேபோல் இறங்கும். அதில் குளித்தால் கையிலுள்ள வெள்ளி அணி கறுத்துப்போகும் என்றார். ஊரைவிட்டு வந்து பல்லாண்டு கழிந்த பிறகும், எல்லாம் துறந்த ஒருவர் நினைவில் ஊர்க்குளத்தின் நீர்மட்டம் படிப்படியாக நின்றிருக்கிறது. இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அது புரியும்.

தறியும் வெயிலும்

அருப்புக்கோட்டை என்ற பெயருக்கு மல்லிகை அரும்போடு தொடர்பு சொல்லி, அரும்புக்கோட்டையே அருப்புக்கோட்டை ஆனது என்பார்கள். பழந்தமிழில் அருப்பம் என்றாலே அரண்தான் என்று சொற்பொருள் காட்டுவோரும் உண்டு. சொக்கலிங்கபுரத்து மீனாட்சி சொக்கநாதர் கோயில் பாண்டியர் காலத் தொன்மையை இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் ஊரை நகரமாக்கியது தறிதான்.

சௌடாம்பிகையைக் குலதெய்வமாக வணங்கும் தேவாங்கர், சாலியர், இன்னும் பல சமூகத்தார் இங்கே நெசவை வளர்த்தார்கள். கரிசல் பருத்தி கையெட்டும் தூரத்தில் விளைந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சம்சாரி நொந்துகொள்ளும் இந்தக் காய்ந்த வானம் நெசவாளிக்குத் துணை. விடிவதற்கு முன்பே தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாவு என்னும் நெடுக்கிழைகளை நீட்டிக் கட்டுவார்கள். இருபுறமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நீள நெடுக நீவி நடப்பார்கள். அறுந்த இழையைக் கண்டால் அந்த இடத்திலேயே நின்று முடிச்சுப் போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாவு காய்ந்து விறைத்துத் தறிக்குப் போகத் தயாராகும். நடுவில் மழை வந்தால் அத்தனை உழைப்பும் கஞ்சித் தண்ணீர். மழை குறைந்த நாடே பாவுக்கு ஏற்ற நாடு. பக்கத்துச் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேர்பிடித்ததற்கும் இதே வெயில் ஒரு காரணம்.

ஒரு குடும்பம் மட்டும் நின்று தெருப்பாவு போட முடியாது. இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ. வயற்காட்டின் குடிமராமத்து நெசவுத் தெருவில் இப்படி உருமாறி வந்தது. பின்னர் கூட்டுறவு சங்கங்களும் விசைத்தறிகளும் நூற்பாலைகளும் வந்தன. கைத்தறியின் ஓசை பல தெருக்களில் அடங்கிவிட்டது. ஆனாலும் சேலை என்றால் அருப்புக்கோட்டை என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

மகிமை என்னும் பொதுப்பணம்

நெசவுக்கு இணையாக இந்நகரை உயர்த்தியது வணிகம். மாட்டுவண்டிகளில் சரக்கேற்றி நெடுவழி போன நாடார் வணிகர்களுக்கு, இரவில் வண்டியும் சரக்கும் பத்திரமாக இருக்க மதில் சூழ்ந்த பேட்டைகள் வேண்டியிருந்தன. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று இராமநாதபுரச் சீமையின் ஆறு ஊர்கள் அவர்களுடைய வணிக நிலைகளாயின. ஆறில் இரண்டு, அருப்புக்கோட்டையும் அதை ஒட்டிய பாலையம்பட்டியும், இந்த வட்டாரத்தவை.

அங்கே பிறந்ததுதான் மகிமை. விற்கும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுவில் எடுத்துவைப்பார்கள். அந்தப் பணம் உறவின்முறை என்னும் சமூகச் சங்கத்தின் பொறுப்பில் சேரும். அதன் முறைகாரர்கள் கணக்குப் பார்ப்பார்கள். அதிலிருந்து கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் திறந்தார்கள். விருதுநகரில் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்த பிடியரிசி, அங்குள்ள சத்திரிய வித்தியாசாலைக்கு உதவியது. அந்தப் பள்ளியில் படித்த காமராசர் முதலமைச்சராகி, மாநிலமெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தார். அருப்புக்கோட்டையிலும் இதே வழியில் சைவபானு சத்திரிய கல்லூரியும் தேவாங்கர் கலைக்கல்லூரியும் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தன. அரசு வரட்டும் என்று காத்திருக்காமல் கல்விக்கு வழி செய்துகொண்டது இந்த நகரத்தின் பெருமை.

அரசியலிலும் ஊர் தன் பெயரைப் பதித்தது. 1977இல் எம்.ஜி.ஆர். முதன்முறை முதலமைச்சரானபோது அருப்புக்கோட்டைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகத்தான் கோட்டைக்குள் நுழைந்தார். அதற்கு முன்பே, 1960-களில், விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரைக்கு இரயில் ஓடத் தொடங்கியது. 2013இல் அது அகலப்பாதையானது. 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிந்தபோது, இவ்வட்டாரம் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தது.

இவற்றையெல்லாம் பெருமையோடு எழுதும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. நம் பொதுமை பெரும்பாலும் சாதிக்குள் நின்ற பொதுமை. மகிமை அந்தந்த உறவின்முறைக்குள் சுழன்றது. ஊருணிப் படியில் எல்லோரும் இறங்கமுடியாத காலம் இருந்தது. கரையை உயர்த்த மண் சுமந்தவர்களுக்கே மடைநீரில் பங்கில்லாமல் போனதும் உண்டு. இதை ஒப்புக்கொண்டால்தான் அடுத்து செய்யவேண்டியது தெளிவாகும்.

இன்று செய்யவேண்டியது

குழாய்த் தண்ணீர் வந்தபின் ஊருணியை மறந்தோம். வைகையும் தாமிரபரணியும் நமக்குத் தண்ணீர் தருகின்றன. அந்த ஆறுகளின் கரையில் உள்ளவர்களுக்கே தட்டுப்பாடு வரும் காலம் இது. கண்மாய்களில் சீமைக்கருவேலம் மண்டியது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் நிறைய உண்டு. நிலத்தைக் கெடுத்த மரமே நிலமற்றவர்களுக்குச் சோறு போடுகிறது என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டதும், அதே ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியதும் நல்ல திருப்பங்கள். காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அந்தக் காவிரி நீர் குண்டாற்றுக்கு வரும் நாளில், அதை வாங்கிக்கொள்ள வரத்துக்கால்கள் தூர்ந்து கிடந்தால் யாருக்கு என்ன பயன்?

அருப்புக்கோட்டையின் செவல் கண்மாயைத் தன்னார்வலர்கள் கைகோத்துச் சீர்செய்த முயற்சி, பழைய உணர்வு அடியோடு போய்விடவில்லை என்று காட்டுகிறது. அதை ஒரு நாள் உற்சாகமாக விட்டுவிடாமல் நிலையான ஏற்பாடாக்க வேண்டும். நம்மிடம் அதற்கு ஆயத்த முறை இருக்கிறது. அதன் பெயர் மகிமை. கடைவீதியில் ஒவ்வொரு கடையும், ஒவ்வொரு தறிக்கூடமும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் சம்பாதிக்கும் நம் ஒவ்வொரு பிள்ளையும் கண்மாய்க்கென்று ஒரு சிறு மகிமையை எடுத்துவைக்கட்டும். அதற்கு முறைகாரர்கள் எல்லாச் சமூகத்திலிருந்தும், எல்லாத் தெருவிலிருந்தும் வரட்டும், பெண்களும் வரட்டும். கலுங்கு தாண்டும் தண்ணீர் கீழே இருப்பவர் யாரென்று கேட்பதில்லை. அதைக் காக்கும் பணமும் கேட்கக்கூடாது.

பிடியரிசியில் பள்ளிக்கூடம் நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் அடுத்த ஆவணிக்குள், மழை இறங்குவதற்கு முன்பு, தம் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் வரை ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்துவர வேண்டுகிறேன்.