ஓரிக்கைத் தறியும் விழிஞ்ஞம் அலையும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டதும், என் இறுதியாண்டு புராஜெக்ட் தோற்ற கதைதான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

2012-இல் நான் நம் கல்லூரியில் படித்தபோது மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. ஓரிக்கையில் எங்கள் வீட்டுத் தறியில் அப்பா மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் சட்டம் லேசாக ஆடும். "இவ்வளவு ஆட்டம் வீணாப் போகுதே, இதுல ஒரு பல்பு எரியாதா?" என்று கேட்டார். அதையே புராஜெக்டாக எடுத்துக்கொண்டேன்.

அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880-இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். இன்று கேஸ் லைட்டரில் பொறி தருவது அந்தத் தத்துவம்தான். அத்தகைய தகடுகள் நான்கைத் தறிச் சட்டத்தில் பொருத்தினேன். எல்.இ.டி. ஒருமுறை மினுக்கியது. அவ்வளவுதான்! அப்பா எதுவும் சொல்லாமல் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏன் தோற்றேன்? 1996-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம்ஸ், யேட்ஸ் இருவரும் போட்ட கணக்கில் விடை இருந்தது. சில மில்லிமீட்டரே உள்ள ஒரு கருவி, வினாடிக்கு 70 அதிர்வில் 1 மைக்ரோவாட் தரும். 330 அதிர்வில் 100 மைக்ரோவாட் தரும். அதிர்வு ஐந்து மடங்குகூடக் கூடவில்லை, மின்சாரமோ நூறு மடங்கு! வீச்சு மாறாதபோது, மின்திறன் அதிர்வெண்ணின் மும்மடியாக மாறும். எங்கள் தறியோ வினாடிக்கு ஒன்றிரண்டு தடவை ஆடினாலே அதிகம்.

மெதுவான ஆட்டத்தால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் எடையும் வீச்சும் பெரிதாக இருக்க வேண்டும். கடலலை அப்படிப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யினர் 1991-இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் அலைமின் நிலையத்தை இயக்கிக் காட்டினார்கள். கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்க, மேலேயுள்ள காற்று வெளியே போகும், உள்ளே வரும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரே திசையில் சுழல்வது அங்கிருந்த 'வெல்ஸ் டர்பைன்'. மெதுவான ஆட்டம் வேகமான சுழற்சியாக மாறியது! 2004-இல் அந்த நிலையம் கடல்நீரைக் குடிநீராக்கவும் உதவியது. பின்னர் மூடப்பட்டது.

2022 நவம்பரில் அதே ஐ.ஐ.டி. தூத்துக்குடிக் கடலில், கரையிலிருந்து 6 கி.மீ. தொலைவில் 'சிந்துஜா-1' கருவியைச் சோதித்தது. கிடைத்தது 100 வாட். இவ்வளவுதானா என்று சிரிக்கக் கூடாது. மின்கம்பி போக முடியாத நடுக்கடல் கருவிகளுக்கு அதுவே பெரிசு.

போன பொங்கலுக்கு அப்பாவிடம் சொன்னேன்: "பல்பு எரியாதுப்பா. நாளைக்கு எத்தனை மிதி மிதிச்சீங்கன்னு எண்ணுற கருவிக்கு வேணா போதும்."

"எண்ணினா கூலி கூடுமா?" என்றார்.

மாணவத் தம்பி தங்கைகளே, எதையும் செய்யுமுன் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். யாருக்குப் பயன் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். நான் இரண்டையும் எழுதாமல்தான் தோற்றேன்.