நம் ஓட்டு போகும் இடம்: பரங்கிமலையிலிருந்து ஆலந்தூர் வரை

சென்ற பொதுக்குழுவில் மழைநீர் வடிகால் பற்றிப் பேசும்போது பி பிளாக் நண்பர் ஒருவர் கேட்டார்: "இந்த மனுவை கவுன்சிலரிடம் கொடுப்பதா, எம்.எல்.ஏ. ஆபீஸில் கொடுப்பதா?" ஆளுக்கொரு பதில் சொன்னோம். காபி வந்ததும் கேள்வி அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்தக் கட்டுரை. பழைய கதை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஓட்டுப் போடும் ஆலந்தூர் சட்டமன்றத் தொகுதிக்கு 1977-க்கு முன்பு பெயர் பரங்கிமலை. அந்தப் பெயரைச் சொன்னால் நம் கட்டடத்தில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் உடனே சொல்லும் பெயர் எம்.ஜி.ஆர். அவர் முதன்முதலில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இங்கிருந்துதான்.

1967 ஜனவரி 12. இங்கிருந்து அதிகத் தூரமில்லாத ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. தேர்தலுக்கு அப்போது சில வாரங்களே இருந்தன. பரங்கிமலையின் தி.மு.க. வேட்பாளர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். தெருத்தெருவாக வந்து கும்பிட அவரால் முடியாது. அவருக்குப் பதிலாகக் கழுத்தில் கட்டுப் போட்ட அவருடைய படம் சுவரொட்டியாக ஊர் ஊராகப் போனது. பரங்கிமலையில் மட்டுமல்ல, மாநிலம் முழுவதும் அந்தப் படம் ஓட்டுக் கேட்டது என்பார்கள். காங்கிரஸ் வேட்பாளர் டி.எல்.ரகுபதியை அவர் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார். அந்த முறைதான் தி.மு.க. முதன்முறையாக ஆட்சிக்கு வந்து அண்ணா முதலமைச்சரானார். 1984-இல் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். ஆண்டிப்பட்டியில் ஜெயித்ததை எல்லோரும் அதிசயமாகச் சொல்வார்கள். அதற்கு ஒத்திகை நம் தொகுதியில் நடந்திருக்கிறது!

1971-இலும் அவரே வென்றார். அடுத்த ஆண்டு அக்டோபரில் கட்சிக் கணக்கைக் கேட்டு, நீக்கப்பட்டு, அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது அவர் நம் பரங்கிமலை எம்.எல்.ஏ. அதாவது தமிழ்நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளாகப் பிற்பாடு ஆனவை பிரிந்த நேரத்தில், பிரிந்து போனவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி வைத்திருந்தது இந்தத் தொகுதி. 1977-இல் அவர் அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டார். தொகுதிக்கும் பெயர் மாறியது.

அதற்கப்புறம் 2001 வரை வேகமாகச் சொல்லிவிடலாம். மாநிலத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்ததோ, ஆலந்தூரும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்தது. 2001-இல் அ.தி.மு.க.வின் பா.வளர்மதி, 2006-இல் தி.மு.க.வின் தா.மோ.அன்பரசன்.

இந்த இடைவெளியில்தான் நம்மைப் போன்ற அடுக்குமாடிக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று நடந்தது. அதற்கும் சட்டமன்றத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 1998 வாக்கில் நான் நங்கநல்லூருக்குக் குடிவந்தபோது இங்கே எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க். கழிவுநீர் லாரிக்கு போன் போட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த காலைகளை ஏ பிளாக் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 1996 உள்ளாட்சித் தேர்தலில் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித் தலைவரான ஆர்.எஸ்.பாரதி காலத்தில் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையில் எடுத்தது. பணம் எங்கே? வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டுங்கள் என்று கேட்டார்கள். குழி தோண்டுவதற்கு முன்பே பணம்! அன்றைக்கு 5,000 என்பது பலருக்குப் பாதி மாதச் சம்பளம். "கட்டினால் திரும்பி வருமா?" என்று கேட்காத வீடு இல்லை. அந்தச் சந்தேகத்தை வீடு வீடாகப் போய்த் தீர்த்ததில் பகுதி நலச் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான வீடுகள் பணம் கட்டின. கடன், அரசு உதவி, தனியார் பங்கேற்பு எல்லாம் சேர்ந்து குழாய் பதிக்கப்பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பெருங்குடியில் நிலையம் அமைந்தது. மக்கள் முன்பணத்தோடும் தனியார் பங்கேற்போடும் ஒரு நகராட்சி பாதாளச் சாக்கடை கட்டியதற்கு முன்னோடி என்று நாட்டின் பல இடங்களில் ஆலந்தூரை உதாரணமாகக் காட்டினார்கள்.

அந்த நகராட்சி இன்று இல்லை. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஆலந்தூர் அதற்குள் போய் 12-ஆவது மண்டலமானது. நாம் சென்னை முகவரிக்காரர்கள் ஆனோம். நாடாளுமன்றத்துக்கு மட்டும் ஓட்டு ஸ்ரீபெரும்புதூருக்கு! 2008 தொகுதி மறுவரையறை செய்த வேடிக்கை இது. பக்கத்தில் வேளச்சேரி, பல்லவரம், சோழிங்கநல்லூர் என்று புதிய தொகுதிகள் முளைத்ததும் அப்போதுதான்.

புதிய எல்லையில் 2011-இல் ஜெயித்தவர் தே.மு.தி.க.வின் பண்ருட்டி ச.ராமச்சந்திரன். எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தவர், எம்.ஜி.ஆரின் பழைய தொகுதியில் வேறொரு நடிகரின் கட்சிக்காக நின்று வென்றார். 2013 டிசம்பரில் கட்சியையும் பதவியையும் விட்டு விலகினார். எனவே 2014 ஏப்ரல் 24 அன்று நாம் ஒரே நாளில் நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டுப் போட்டோம். ஞாபகம் இருக்கிறதா? அந்த இடைத்தேர்தலில் தி.மு.க. சார்பில் நின்றவர் அதே ஆர்.எஸ்.பாரதி. ஆம் ஆத்மி சார்பில் எழுத்தாளர் ஞாநி நின்றார். வென்றவர் அ.தி.மு.க.வின் வி.என்.பி.வெங்கட்ராமன். சாக்கடை கொண்டுவந்தவருக்கு ஊர் ஏன் ஓட்டுப் போடவில்லை என்று அப்போது எங்கள் வாக்கிங் கோஷ்டியில் ஒரு வாரம் சண்டை. எனக்குத் தோன்றுவது இதுதான்: நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கையும் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் கையும் ஒன்றானாலும், பட்டனை அழுத்தும்போது மனதில் ஓடும் கணக்கு வேறு.

2016-இல் அன்பரசன் திரும்பி வந்தார். எதிரே நின்றவர் இம்முறை அ.தி.மு.க. வேட்பாளராக பண்ருட்டி ராமச்சந்திரன்! மாநிலத்தில் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்தபோது ஆலந்தூர் எதிர்ப்பக்கம் நின்றது. 2021-இல் வளர்மதியை 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்று அன்பரசன் அமைச்சரும் ஆனார்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எம்.எல்.ஏ. என்பவர் முதலில் கோட்டையில் சட்டம் இயற்றும் 234 பேரில் ஒருவர். வடிகால், தெருவிளக்கு, குப்பை எல்லாம் மாநகராட்சி வேலை. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் வேலை. பிறகு ஏன் நாம் எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ. ஆபீஸைத் தேடுகிறோம்? ஒரு காரணம் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். (அது பொது இடத்துக்கான பணம். நம் மதிலுக்கு உள்ளே ஜிம் கட்டித் தரச் சொல்லிக் கேட்க முடியாது. இதையும் ஒருவர் கேட்டார்!) இன்னொரு காரணத்தைப் பலர் மறந்துவிட்டோம். 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் நமக்குக் கவுன்சிலரே கிடையாது. கதவைத் தட்ட இருந்த ஒரே உள்ளூர்ப் பிரதிநிதி எம்.எல்.ஏ. அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை.

எனவே நம் வடிகால் மனு முதலில் கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும். அங்கே பதிவு எண் வாங்கிய பிறகு அதன் நகலோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு. செயற்குழுவும் இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. கையெழுத்துத் தாள் வாட்ச்மேன் மேஜையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கையெழுத்து வாங்கப் போனபோது விசாரித்ததில், நம் 48 வீடுகளில் 17 வீட்டுக்காரர்களின் ஓட்டு இன்னும் பழைய முகவரியிலேயே இருக்கிறது. மயிலாப்பூர், மாம்பலம், ஒருவருக்குத் திருச்சி! வீடு மாறியவர்கள் நிரப்ப வேண்டியது படிவம் 8. பதினெட்டு வயதான பிள்ளைகளுக்குப் படிவம் 6. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே செய்யலாம். போனில் வராதவர்கள் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கீழே லாபிக்கு வாருங்கள். லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். பழைய வாக்காளர் அட்டையும் புது முகவரிச் சான்றும் மறக்காமல் கொண்டு வரவும்.